போர் தண்ணிக்கு எந்த ஃபில்டர் வாங்கலாம்?

வணக்கம். மேடவாக்கத்துல வாடகை வீட்டுல இருக்கோம். போர் தண்ணிதான். டிடிஎஸ் (தண்ணியில கரைஞ்சிருக்குற உப்போட அளவு) மீட்டர்ல லிட்டருக்கு 1,350 மில்லிகிராம் காட்டுது. இந்தியத் தர அளவு 500, வேற தண்ணியே கிடைக்காத இடத்துல 2,000 வரைக்கும். வெந்நீர் வைக்கிற பாத்திரத்தோட அடியில வெள்ளையா உப்பு படிஞ்சு, புளி போட்டுத் தேய்ச்சாத்தான் போகுது. எட்டு மாசக் குழந்தைக்கு இதுல கஞ்சி வைக்கவே மனசு வரல.

யுவி (புற ஊதா ஒளி) ஃபில்டர் கிருமியைக் கொல்லும், உப்பை எடுக்காது. அதனால உப்பையும் வடிகட்டுற ஆர்ஓ ஃபில்டர்தான்னு முடிவு பண்ணிட்டோம். ஆனா ஒரு குடம் நல்ல தண்ணிக்கு ரெண்டு மூணு குடம் வீணாப் போகும்னு சொல்றாங்க. கோடையில போரே வத்துற தெரு இது.

தண்ணி கம்மியா வீணாகுற மாடல் யாராவது வெச்சிருக்கீங்களா? மெம்பரேன் (உள்ள உப்பை வடிகட்டுற சவ்வு) எத்தனை வருஷம் வந்துச்சு? சுவத்துல ஓட்டை போடாம வைக்கலாமா? பட்ஜெட் 15,000. கழிவுத் தண்ணியை நீங்க எதுக்கெல்லாம் பயன்படுத்துறீங்கன்னும் சொல்லுங்க.