பழைய இரட்டைக்குழல் துவக்கு வாங்க முதல் என்னென்ன பார்க்க வேண்டும்?

நெடுங்கேணித் தம்பி:
வணக்கம். எங்களுக்கு மூன்று ஏக்கர் வயலும் காட்டோரமாகக் கொஞ்சம் கச்சானும் இருக்கிறது. போன காலபோகத்தில் பன்றி இறங்கி ஒரு மூலையை உழுதுவிட்டதுபோல் ஆக்கிவிட்டுப் போனது. பயிர்க் காவலுக்குத் துவக்கு கேட்டு கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) விண்ணப்பித்து, கிராம சேவையாளர், பொலிஸ் என்று அலைந்து இப்போதுதான் அனுமதி கிடைத்திருக்கிறது. புதிது வாங்க எங்களால் ஏலாது. அயலூர் ஐயா ஒருவர் லைசென்ஸோடு வைத்திருக்கும் 12 போர் (குழல் அளவு) இரட்டைக்குழலைத் தருகிறேன் என்கிறார், அவருக்கு இப்போது கண் மங்கல். இங்கிலாந்துச் சாமான், வெளியில் நன்றாக மினுங்குகிறது. ஐயா நேர்மையான மனிதர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் துவக்கைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, சனிக்கிழமை பார்க்கப் போகிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

மல்லாவிக் கமக்காரன்:
தம்பி, துவக்கில் அடித்திருக்கும் இலக்கமும் ஐயாவின் லைசென்ஸில் உள்ள இலக்கமும் ஒன்றா என்று முதலில் பாருங்கோ. ஓர் எழுத்து மாறினாலும் விட்டுவிடுங்கோ. அனுமதி கையில் இருக்கிறது என்பதற்காக அன்றே காசைக் கொடுத்துத் தூக்கிக்கொண்டும் வரக்கூடாது, கைமாற்றம் கச்சேரியூடாகப் பதிவாக வேண்டும். அப்புறம், கையில் வாங்கியதும் நீங்களே மடித்துத் திறந்து இரண்டு குழலும் வெறுமையா என்று பாருங்கோ. அவர் வெறும் துவக்கு என்று சொன்னாலும் பாருங்கோ.

பட்டறை அண்ணை:
மினுக்கத்தைப் பார்க்க வேண்டாம் தம்பி. மினுக்கம் அரத்தாளும் எண்ணெயும் செய்கிற வேலை, சில நேரம் துருக் குழியை மறைக்கவென்றே மினுக்குவார்கள். நான் முதலில் பார்ப்பது குழலும் பின்பகுதியும் சேரும் பூட்டு. அதைப் பார்ப்பதற்கு முன் குழலுக்கு அடியில் இருக்கும் முன் மரத்தைக் கழற்றிவிட வேண்டும், ஏனென்றால் அந்த மரத்தின் வில் இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பதால் தேய்ந்துபோன பூட்டும் இறுக்கமாக இருப்பதுபோல் காட்டும். கழற்றிவிட்டுத் துவக்கை மூடி, பிடியின் கழுத்தில் ஒரு கையும் குழலில் ஒரு கையும் வைத்து இரண்டு பக்கமும் ஆட்டுங்கோ. டக் டக் என்றால் தேய்மானம். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, குழலின் பின்முகத்துக்கும் அது போய் அமரும் சுவருக்கும் நடுவே ஒளி தெரிகிறதா என்றும் பாருங்கோ. வெடிக்கும்போது நெருப்பும் காற்றும் அந்த இடைவெளியால் உங்கள் முகத்தை நோக்கி வரக்கூடும். மேலே இருக்கும் லீவர் புதுத் துவக்கில் நடுவுக்குக் கொஞ்சம் வலப்பக்கம் நிற்கும், தேயத் தேய நடுவைத் தாண்டி இடப்பக்கம் போகும். அதுவும் ஒரு சாட்சி.

அடுத்தது பலர் தவறவிடுவது. பழைய இங்கிலாந்துத் துவக்குகள் நிறையவற்றில் தோட்டா போகும் அறை இரண்டரை அங்குலம், ஏறத்தாழ 65 மில்லிமீற்றர். இப்போது கிடைக்கும் தோட்டாக்கள் பெரும்பாலும் 70. "போட்டுப் பார்த்தேன், சரியாகப் போகிறது" என்பார்கள். போகத்தான் செய்யும், வாய் மடித்திருக்கும்போது தோட்டா கட்டைதானே. வெடிக்கும்போது அந்த மடிப்பு முன்னால் விரிந்து குழல் ஒடுங்கும் இடத்தில் நெரிபடும், அழுத்தம் ஏறும். ஐம்பது தரம் ஒன்றும் நடக்காமல் இருந்துவிட்டு ஐம்பத்தோராவது தரம் நடக்கலாம். அறையின் நீளம் பெரும்பாலும் குழலின் அடிப்பக்கத் தட்டையில் அடித்திருக்கும், முன் மரத்தைக் கழற்றிக் குழலையும் பிரித்தெடுத்தால் தெரியும். அதே இடத்தில் குழலின் பலத்தைச் சோதித்து அடித்த முத்திரைகளும் இருக்கும், படம் எடுத்துப் போடுங்கோ, பார்த்துச் சொல்கிறேன். குழலின் மேல் பாம்புத் தோல்போல அலையலையாகக் கோடு ஓடினால் அது இரும்பும் உருக்கும் முறுக்கி ஒட்டிச் செய்த பழைய குழல், கரிமருந்துக் காலத்துக்கு உரியது. அழகாக இருக்கும். இன்றைய தோட்டாவுக்கு வேண்டாம்.

குழலைப் பிரித்தெடுத்த கையோடு அதன் கொளுவியில் விரலைக் கொளுவித் தொங்கவிட்டு விரல் மொழியால் தட்டுங்கோ. கோயில் மணிபோலக் கணீரென்று வரவேண்டும். சத்தம் செத்துக் கரகரத்தால் இரண்டு குழலையும் சேர்க்கும் பட்டியின் ஈய ஒட்டு விட்டிருக்கிறது, அதற்குள் தண்ணீர் போய்த் துரு பிடித்திருக்கும்.

பிறகு விசை. சுட்டு முடிந்த வெறுந்தோட்டா இரண்டைப் போட்டு மூடுங்கோ, குத்தூசிக்கு மெத்தைபோல இருக்கும். சுடாமல் தடுக்கும் பூட்டு விசையைப் போட்டுக்கொண்டு சுடுவிசையை இழுங்கோ, பிறகு கையை எடுத்துவிட்டு அந்தப் பூட்டு விசையை விடுவியுங்கோ. அப்போது உள்ளே குதிரை (குத்தூசியை அடிக்கும் சுத்தியல்) விழுந்தால் அந்தத் துவக்கு ஆளைக் கொல்லும். பூட்டு விசையை விடுவித்தபடியே அடிக்கட்டையை ஒரு றப்பர் செருப்பின் மேல் குத்தியும் பாருங்கோ, அப்போதும் விழக்கூடாது. பிடியின் கழுத்தில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று நகத்தால் தடவினாலே தெரியும்.

முத்தையன்கட்டு:
பட்டறை அண்ணை எழுதியதோடு நான் ஒன்று சேர்க்கிறேன். குழலின் நுனிக்கு எதிரே வெள்ளைத்தாளைப் பிடித்துப் பின்னாலிருந்து குழலுக்குள் பார்க்கும்போது, உள்ளே ஒரு வளையம்போலக் கறுப்பு நிழல் தெரிகிறதா என்று பாருங்கோ. எங்கள் சித்தப்பா போகம் முடிந்ததும் துவக்கைக் காவல் கொட்டிலில் சாய்த்து வைத்துவிட்டு வந்தவர். வேட்டுவன் குளவி குழலுக்குள் மண்கூடு கட்டியிருந்தது. அடுத்த மழைக்குப் பார்க்காமல் சுட்டார். குழல் அந்த இடத்தில் வீங்கியது, கடவுள் புண்ணியம், பிளக்கவில்லை. வெளியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது, தடவினால் சின்ன மேடு. இரண்டு விரலால் குழலைப் பிடித்து நுனிவரை மெதுவாக வழித்துக்கொண்டு போனால் பிடிபடும். தேங்காய் எண்ணெய் பூசி வைத்திருந்தால் அதையும் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவிவிட்டுப் பாருங்கோ, அது பிசினாகி அடியில் இருக்கும் குழியை எல்லாம் மூடிவிடும்.

இன்னொன்று, யானைக்கு இதைத் தூக்க வேண்டாம். காயப்பட்ட யானை உங்கள் வயலுக்கு வராவிட்டாலும் யாரோ ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வழியில் நிற்கும்.

நெடுங்கேணித் தம்பி:
எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை போனேன். இலக்கம் சரி, பூட்டு இறுக்கம், தட்டினால் நல்ல சத்தம். இடது குழலில் நுனியிலிருந்து ஒரு சாண் உள்ளே வளையம் இருந்தது, வழித்தபோது விரலில் தட்டுப்பட்டது. ஐயாவின் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன். கொஞ்ச நேரம் தடவிக்கொண்டே இருந்தார். "இவ்வளவு காலமும் இதைத்தானே என் பெடியன்களிடமும் கொடுத்தேன்" என்றார். வாங்கவில்லை. அதை ஒப்படைக்கத் திங்கட்கிழமை அவரைக் கச்சேரிக்குக் கூட்டிப் போகிறேன். வேறு நல்லது எங்கேயும் லைசென்ஸோடு இருந்தால் தெரியப்படுத்துங்கோ.