சான்றிதழில் ‘தாளாளர்’: அரபுச் சொல் வேண்டும்

வணக்கம். காரைக்குடிப் பக்கம் ஒரு பள்ளி ஆசிரியையின் அனுபவச் சான்றிதழ் வளைகுடா வேலைக்காக அரபுக்குப் போகிறது. கையெழுத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் ‘கரஸ்பாண்டென்ட்’, அதாவது தாளாளர், என்று இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் அகராதியைப் பார்த்து ‘முராசில்’ என்று போட்டிருக்கிறார். அது செய்தி நிருபர். வளைகுடா அலுவலகங்களில் கடிதமும் கோப்பும் கொண்டுபோகும் உதவியாளருக்கும் அதே சொல்தான். நம் தாளாளரோ நிர்வாகத்தின் சார்பில் கையொப்பமிடுபவர். ‘முதீர்’ என்றால் தலைமையாசிரியர் ஆகிவிடும். ‘முமஸ்ஸில் இதாரத் அல்மத்ரஸா’, அதாவது பள்ளி நிர்வாகப் பிரதிநிதி, பொருந்தும் என்று நினைக்கிறேன். ஆங்கில மூலத்தைத் திருத்தக் கூடாது, அட்டஸ்டேஷன் (சான்று உண்மையானது என்ற அதிகாரபூர்வ உறுதி) முத்திரை அதில்தான் விழும்.

துபாய், தோஹாவில் ஆசிரியராக இருக்கும் அண்ணன்மார், அக்காமார், உங்கள் அரபுப் பிரதியில் என்ன சொல் இருக்கிறது? தட்டச்சு செய்து போடுங்கள். படம் வேண்டாம், பாஸ்போர்ட் எண் தெரிந்துவிடும்.