மத்தியானம் ஒண்ணே கால், மாடியில் ஒரு சைனீஸ் கடை

முத்தியால்பேட்டைவாசி:

நேரு வீதியில் ஒரு துணிக்கடையில் நாலு வருஷம் வேலை பார்த்தேன். பாண்டியில் பழைய கடைகளின் வழக்கம் தெரிந்திருக்கும். மத்தியானம் ஒரு மணிக்கு ஷட்டரை இறக்கினால் மறுபடி தூக்க நாலு மணி ஆகிவிடும். முதலாளி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டு வருவார். எனக்கு அந்த வெயிலில் முத்தியால்பேட்டை வரை சைக்கிள் மிதிக்க உடம்பு வணங்காது. அப்படித்தான் எம்.ஜி. ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சின்னத் தெருவில், வாட்ச் ரிப்பேர் கடைக்கு மேல்மாடியில் இருந்த சைனீஸ் கடை பழக்கமானது.

உள்ளே ஆறு மேசை. சுவரில் டிராகன். போர்டு எழுதும் ஆர்ட்டிஸ்ட் யாரோ வரைந்திருக்க வேண்டும், கோயில் தூணில் இருக்கிற யாளிக்கு மீசை முளைத்த மாதிரி இருக்கும். கல்லாவுக்கு மேலே பிள்ளையாரும் வேளாங்கண்ணி மாதாவும் பக்கத்துப் பக்கத்தில், நடுவில் ஒரு சிவப்பு சீரியல் பல்ப். முதலாளி வில்லியனூர்க்காரர், மாஸ்டர் டார்ஜிலிங் பக்கம். சீனாவிலிருந்து வந்தது என்று சொல்ல அந்தக் கடையில் சூப் ஸ்பூனின் வடிவத்தைத் தவிர எதுவும் கிடையாது.

மத்தியானத்துக்கு மட்டும் ஒரு செட் போடுவார்கள். சின்னக் கிண்ணத்தில் சூப், அரை பிளேட் ஃப்ரைட் ரைஸ், ஓரமாக நாலு துண்டு சில்லி சிக்கன். நான் சேர்ந்தபோது நாற்பத்தைந்து ரூபாய், விலகும்போது அறுபது. சோற்றைக் கிண்ணத்தில் அமுக்கித் தட்டில் கவிழ்த்துக் கொண்டு வருவார்கள், உச்சியில் பொடியாக நறுக்கிய வெங்காயத்தாள். அந்த மேட்டை எங்கிருந்து உடைப்பது என்பதில் ஆளுக்கு ஒரு முறை உண்டு. நான் அடிவாரத்திலிருந்து குடைந்துகொண்டு போவேன். எதிர் மேசையில் தினமும் உட்காரும் எல்.ஐ.சி. ஏஜென்ட் ஒருவர், வந்ததும் ஸ்பூனால் ஒரே தட்டாகத் தட்டிச் சமமாக்கிவிட்டுத்தான் ஆரம்பிப்பார்.

எனக்கு அங்கே உயிர் என்றால் மேசைமேல் இருந்த பழைய ஜாம் பாட்டில்தான். வினிகரில் ஊறிய பச்சை மிளகாய். காலையில் போட்டது மத்தியானத்துக்குள் பச்சை வெளுத்து மஞ்சளுக்குத் திரும்பியிருக்கும். சூப்பில் நாலு வளையம், சோற்றில் ரெண்டு ஸ்பூன் வினிகர். மற்றதெல்லாம் அதற்குத் துணை.

உங்கள் கதைகளையும் எழுதுங்கள். கடைப் பெயர் வேண்டாம். நல்லதாகச் சொன்னால் விளம்பரம், கெட்டதாகச் சொன்னால் வம்பு.

மஞ்சக்குப்பத்தான்:

நம்ம கதை வேற மாதிரி. கடலூர்க்காரன் பாண்டி பஸ் ஏறினாலே வீட்ல ஒரே அர்த்தம்தான் எடுத்துப்பாங்க. முள்ளோடை எல்லை தாண்டினதும் ரோட்டோரம் வரிசையா எந்தக் கடைன்னு எல்லாருக்கும் தெரியுமே. பாதி பஸ்ஸு அங்கயே காலியாயிடும்.

நானும் என் சிநேகிதனும் காலேஜ் படிக்கிறப்போ மாசத்துக்கு ஒரு சனிக்கிழமை பாண்டிக்குப் போறது நூடுல்ஸ் சாப்பிடத்தான். நம்புங்க. மஞ்சக்குப்பத்துல சாயந்திரம் தள்ளுவண்டில ஃப்ரைட் ரைஸ் கிடைக்கும், ஆனா உக்காந்து, ஃபேனுக்குக் கீழ, கிளாஸ்ல தண்ணி வச்சு, மெனு கார்டு கொடுத்துக் கேக்குற சைனீஸ் எங்க பட்ஜெட்டுக்கு பாண்டிலதான் இருந்துச்சு. இருபது கிலோமீட்டருக்கு மேல பஸ்ஸுல போய் ரெண்டு பேரும் ஒரு ஃபுல் பிளேட் ஹக்கா நூடுல்ஸ், ஒரு எக்ஸ்ட்ரா பிளேட். முதல் தடவை முள் கரண்டில சுத்தத் தெரியாம, இடியாப்பம் மாதிரி பிச்சு பிச்சுச் சாப்பிட்டோம்.

வீட்டுக்கு வந்தா எங்கம்மா வாசல்லயே நிறுத்தி "ஊது"ன்னாங்க. ஊதினேன். வினிகர் வாசம். அவங்க அந்த வாசனைய முன்ன பின்ன பாத்ததில்ல. புது சரக்கு போலன்னு முடிவு பண்ணி ரெண்டு நாள் எங்கூடப் பேசல. அப்புறம் அக்காதான் ஊறுகாய்ல கூட வினிகர் ஊத்துவாங்கம்மான்னு சொல்லிக் காப்பாத்துச்சு.

ஒரு சந்தேகம் ரொம்ப நாளா. நிஜ சீனாக்காரங்க இதைச் சாப்பிட்டா என்ன சொல்லுவாங்க?

லாஸ்பேட்டை அக்கா:

நான் சைவம். அதனால் இந்த இழையில் குறை சொல்லத்தான் வந்திருக்கிறேன் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஆபீஸில் ஒருத்திக்குப் பிரமோஷன், அவள் செலவில் மத்தியானச் சாப்பாடு. நான் வெஜ் நூடுல்ஸ் கேட்டேன். பாதி சாப்பிட்டு முடித்த பிறகு, முட்டைக்கோஸுக்கும் கேரட்டுக்கும் நடுவில் நார் நாராக ஒன்று தட்டுப்பட்டது. பையனைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டு, "சின்ன பீஸ்தான் மேடம்" என்றான். அது பெரிய பீஸ் இல்லை என்பதுதான் என் குறை என்று நினைத்துவிட்டான் போல. வேறு தட்டு கொண்டு வருகிறேன் என்றான், நான் எழுந்து வந்துவிட்டேன். அன்று முழுக்க வாயைக் கொப்பளித்துக்கொண்டே இருந்தேன்.

அதற்குப் பிறகு எந்தக் கடையானாலும் முதலில் ஒரே கேள்விதான்: வெஜ்ஜுக்குத் தனிக் கடாயா? தனிக் கடாய்தான் என்பார்கள். கரண்டி? அங்கேதான் எல்லோரும் கல்லாவைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஆனாலும் கோபி மஞ்சூரியனை விட முடியவில்லை. சுத்த சைவ ஓட்டல்களிலேயே இப்போது மத்தியானம் கிடைக்கிறது. மஞ்சூரியன் மும்பையில் பிறந்தது என்பார்கள். 1975 வாக்கில் நெல்சன் வாங் என்ற கல்கத்தாச் சீனர் அங்கே கிரிக்கெட் கிளப் சமையலறையில் பூண்டு, இஞ்சி, பச்சை மிளகாயை வதக்கி, கரம் மசாலாவுக்குப் பதிலாக சோயா சாஸை ஊற்றியதுதான் ஆரம்பமாம். பூண்டு, இஞ்சி, பச்சை மிளகாய் வதக்குகிற வரைக்கும் என் மாமியாரும் அதையேதான் செய்கிறார்.

நெல்லித்தோப்பு:

அக்கா, கரண்டி விஷயத்தில் நீங்கள் சந்தேகப்பட்டது சரி. நான் அந்தப் பக்கம் நின்றவன். பிளஸ் டூ முடித்து ஒன்றரை வருஷம் இந்த மாதிரி ஒரு கிச்சனில் ஹெல்பர். கூட்ட நேரத்தில் கரண்டியைத் தண்ணீரில் ஒரு முக்கு, அவ்வளவுதான். மனசறிந்து சொல்கிறேன், தப்புதான்.

மத்தியானக் கடை காலை எட்டு மணிக்கே ஆரம்பிக்கும். பெரிய மார்க்கெட்டிலிருந்து மூட்டையாகக் கோஸ், கேரட், பீன்ஸ், வெங்காயத்தாள் வரும். ஹெல்பருக்கு முதல் வேலை வெட்டுவது. கோஸை நூல் மாதிரி வெட்டாவிட்டால் மாஸ்டர் எடுத்துக் காட்டி, "மாட்டுக்கா?" என்பார், இந்தியில். அடுத்து அரிசி. முக்கால் வேக்காட்டில் வடித்து, பெரிய தட்டுகளில் பரத்தி, ஃபேனுக்குக் கீழே வைத்துவிட வேண்டும். சூடான சோற்றைக் கடாயில் போட்டால் குழைந்து பொங்கலாகிவிடும். ஆறி, ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியாக விறைத்து நின்றால்தான் ஃப்ரைட் ரைஸ். வீட்டில் செய்கிறவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். நேற்றைய மீந்த சோறு இதற்கு ரொம்ப நல்லது, ஆனால் ராத்திரியே ஃப்ரிட்ஜில் வைத்திருக்க வேண்டும், வெளியே கிடந்தது வேண்டாம்.

ரெண்டாவது விஷயம் அடுப்பு. வீட்டு கேஸ் அடுப்பு மாதிரி இல்லை அந்த பர்னர், இரையும். பேசினால் கேட்காது. கடாய் புகைய ஆரம்பித்த பிறகுதான் எண்ணெய். முட்டை, பூண்டு, காய், சோறு, உப்பு, வெள்ளை மிளகுத் தூள், அஜினோ, ஓரத்தில் சுற்றி சோயா சாஸ். சோயாவை நடுவில் ஊற்றக் கூடாது, கடாயின் ஓரத்தில் பட்டுச் 'சொய்ங்' என்று தீய வேண்டும். நீங்கள் மாடிப்படி ஏறும்போதே மூக்கில் ஏறுகிற வாசம் அதுதான். எல்லாம் சேர்த்து ரெண்டு நிமிஷம் கூட ஆகாது. அடுத்த ஆர்டருக்கு அதே கடாயில் ஒரு மொண்டு தண்ணீர், மூங்கில் துடைப்பத்தால் ஒரு சுழற்று, கவிழ்த்தால் ரெடி.

சூப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கோழி எலும்பு வெந்த தண்ணீர் ஒரு பெரிய குண்டானில் காலையிலிருந்து கொதித்துக்கொண்டே இருக்கும். ஸ்வீட் கார்ன், ஹாட் அண்ட் சோர், மாஞ்சோ எல்லாம் அந்த ஒரே குண்டான்தான். கடைசியில் கரைத்து ஊற்றுகிற கான்ஃபிளவர் மாவும் சோயாவும்தான் பெயரை மாற்றும்.

எனக்குச் சாப்பாடு மூன்றரை மணிக்கு. மாஸ்டரும் நாங்களும் சுற்றி உட்கார்ந்து சோறும் பருப்பும் உருளைக்கிழங்கு வறுவலும் சாப்பிடுவோம். ஒரு நாள் கூட அந்த மனிதர் ஃப்ரைட் ரைஸைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

ரெயின்போ நகர்:

அஜினோமோட்டோ என்று ஒருவர் சாதாரணமாக எழுதிவிட்டுப் போகிறார், யாரும் கேட்கவில்லை!

நெல்லித்தோப்பு:

கேளுங்கள் சார். ஜப்பானில் 1908-ல் இகேதா என்ற பேராசிரியர் கடல்பாசி ரசத்தின் ருசி எங்கிருந்து வருகிறது என்று தேடிக் கண்டுபிடித்தது அது. அந்த ருசியைத் தருகிற குளுட்டமேட் என்ற பொருள் தக்காளியிலும் இயற்கையாக இருக்கிறது, தாய்ப்பாலிலும் இருக்கிறது. என் பயம் அதில் இல்லை. ஸ்பூனால் போடுகிற உப்பும், நாலு நாள் காய்ந்த எண்ணெயும்தான். சாப்பிட்ட பிறகு தாகம் பிடுங்குகிறதே, அது பெரும்பாலும் உப்பு.

முத்தியால்பேட்டைவாசி:

மஞ்சக்குப்பத்துத் தம்பி கேட்ட கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. நிஜ சீனாக்காரர் இல்லை, ஆனால் கிட்டத்தட்ட.

எங்கள் தெருவில் ஒரு சைகோன் ஆயா இருந்தார். பாண்டிக்காரர்களுக்கு விளக்க வேண்டாம், மற்றவர்களுக்காக: பிரெஞ்சுக்காரர் காலத்தில் இங்கிருந்து நிறையப் பேர் இந்தோசீனாவுக்கு வேலைக்குப் போனார்கள். ஆயாவின் அப்பா சைகோனில் சர்க்கார் வேலையில் இருந்தவர், அம்மா வியட்நாம்காரி. 1975-ல் சைகோன் விழுந்த பிறகு குடும்பத்தோடு இங்கே வந்து சேர்ந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆயா வீட்டில் நெம் சுற்றுவார். அரிசித் தாளுக்குள் கறியும் சேமியாவும் வைத்துச் சுருட்டிப் பொரிப்பது. சொல்லி வைத்தால் கிடைக்கும்.

ஒரு நாள் பேத்திக்குப் பாவாடைத் துணி எடுக்க எங்கள் கடைக்கு வந்தார். ஒரு மணி ஆகிவிட்டது, ஷட்டர் இறங்குகிறது. "வா ஆயா, சைனீஸ் சாப்பிடலாம்" என்று கூட்டிப்போனேன். பதினெட்டுப் படி, மூச்சு வாங்கி ஏறினார். உட்கார்ந்ததும் டிராகனைப் பார்த்தார். "இது என்னடா, பல்லியா?"

செட் வந்தது. ஆயா பையனிடம், "தம்பி, குச்சி இருந்தா குடு" என்றார். பையன் ஓடிப்போய்ப் பல்குத்தும் குச்சி டப்பாவைக் கொண்டுவந்து வைத்தான். ஆயா அதில் இரண்டை உருவி, விரலிடுக்கில் பிடித்து, ஒரு சிக்கன் துண்டைத் தூக்கி வாயில் போட்டார். கீழே சிந்தவில்லை. எல்.ஐ.சி. ஏஜென்ட் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

சூப்பை ஒரு வாய் குடித்து, நுக்மாம் இருக்கா என்று கேட்டார். மீனை உப்பில் புளிக்கவைத்து இறக்குகிற சாறு, அவர்களுக்கு அது இல்லாமல் சாப்பாடு இல்லை. இங்கே எங்கே போவது? வினிகர் மிளகாயைத் தள்ளினேன். முகர்ந்து பார்த்து நாலு வளையம் போட்டுக்கொண்டார். பிறகு பேச்சே இல்லை. மேட்டை உச்சியிலிருந்து அடிவரை சுத்தமாக முடித்தார்.

"எப்படி ஆயா?"

"சைகோன்ல, சோலோன்னு சீனாக்காரங்க பேட்டை, அங்க சீனாக்காரன் கடையில தின்னுருக்கேன். அது வேற. இது நம்ம ஊரு சோறுதான், கொஞ்சம் மேக்கப்பு போட்டுருக்கு." ஒரு ஏப்பம் விட்டார். "அடுத்த மாசம் சட்டைத் துணி எடுக்க வரேன். இதே நேரத்துக்கு வரேன்."

வந்தார். மூன்று தடவை.

அந்தக் கடை இப்போது செல்போன் கவர் விற்கிற கடையாகிவிட்டது, எங்கே என்று கேட்டுத் தனிச்செய்தி அனுப்பாதீர்கள். அந்த முதலாளியின் தம்பி பக்கத்துத் தெருவிலேயே இன்னொன்று நடத்துகிறார். மத்தியானச் செட் இருக்கிறது, மிளகாய் பாட்டில் கேட்டால் உள்ளேயிருந்து எடுத்துத் தருவார்கள். ஒன்றேகாலுக்குள் போய்விடுங்கள், அப்புறம் சிக்கன் துண்டு மூன்றாகிவிடும். வெள்ளிக்கிழமை வேண்டாம், அன்றைக்கு மாஸ்டர் லீவு, மச்சான்தான் கடாயில் நிற்பார்.