எஸ்என்எம்பிவாக் பதில் தருகிறது, நட் டிரைவர் மட்டும் யுபிஎஸ்ஸைக் கண்டுகொள்ளவில்லை

அச்சுக்கூடம்:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் அச்சகத்தில் 3 கேவிஏ ஆன்லைன் யுபிஎஸ் கீழ்த்தளத்தில் இருக்கிறது, சர்வர் அறை இரண்டாம் மாடியில். யுஎஸ்பி கேபிள் அவ்வளவு தூரம் போகாது என்பதால் யுபிஎஸ்ஸில் நெட்வொர்க் கார்டு போட்டிருக்கிறோம். முகவரி 192.168.1.40. கரண்ட் போய் பேட்டரி தீரப்போகும்போது டெபியன் 12 (லினக்ஸ்) சர்வர், மெய்நிகர் கணினிகள் ஓடும் ப்ராக்ஸ்மாக்ஸ் பெட்டி, கோப்புகளைச் சேமிக்கும் சைனாலஜி நாஸ் மூன்றும் தாமாகவே ஒழுங்காக அணைய வேண்டும். வாடிக்கையாளர்களின் பக்க வடிவமைப்புக் கோப்புகள் அத்தனையும் அந்த நாஸில்தான் இருக்கின்றன.

டெபியனில் நட் (யுபிஎஸ்ஸைக் கண்காணிக்கும் மென்பொருள்) நிறுவி, யுபிஎஸ்.கான்ஃப் கோப்பில் இப்படி எழுதினேன்:

[அச்சகம்]
டிரைவர் = எஸ்என்எம்பி-யுபிஎஸ்
போர்ட் = 192.168.1.40
கம்யூனிட்டி = பப்ளிக்

யுபிஎஸ்ஸோடு பேச வேண்டிய டிரைவர் எழுந்த வேகத்தில் விழுந்துவிடுகிறது. யுபிஎஸ்ஸின் நிலையைக் காட்டும் யுபிஎஸ்சி கட்டளை கொடுத்தால் "டிரைவர் நாட் கனெக்டட்" என்கிறது. ஆனால் அதே சர்வரிலிருந்து, எஸ்என்எம்பி நெறிமுறையில் கருவியிடம் நிலவரம் கேட்கும் எஸ்என்எம்பிவாக் கட்டளையை -வி2சி சேர்த்து ஓட்டினால் கார்டு பக்கம் பக்கமாகப் பதில் கொட்டுகிறது. எங்கே பார்க்க வேண்டும்?

மாடிவீட்டான்:
நட்-எஸ்என்எம்பி பேக்கேஜ் போட்டீர்களா? டெபியனில் அந்த டிரைவர் தனிப் பேக்கேஜில் வருகிறது.

அச்சுக்கூடம்:
போட்டிருக்கிறேன். டிரைவர் ஓடத் தொடங்குகிறது, அப்புறம்தான் விழுகிறது.

பழைய_ஆபரேட்டர்:
விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது தம்பி. எஸ்என்எம்பிவாக்கிடம் வி2சி என்று சொன்னீர்கள், டிரைவரிடம் சொல்லவில்லை. நாம் எதுவும் எழுதாவிட்டால் எஸ்என்எம்பி-யுபிஎஸ் டிரைவர் எஸ்என்எம்பியின் பழைய பதிப்பான வி1-இல்தான் பேசும். இப்போது வரும் கார்டுகள் பலவற்றில் வி1 மூடியே இருக்கும். கேட்டால் மறுப்புகூட வராது, மௌனம்தான். இந்த வரியைச் சேருங்கள்:

எஸ்என்எம்பி_வெர்ஷன் = வி2சி

அதற்குப் பிறகும் விழுந்தால் "மிப்ஸ் = ஐஇடிஎஃப்" என்று ஒரு வரி. 1994-இல் வந்த ஆர்எஃப்சி 1628 எல்லா யுபிஎஸ்ஸுக்கும் பொதுவாக வகுத்த அட்டவணை அது. தயாரிப்பாளரின் சொந்த அட்டவணை டிரைவருக்குத் தெரியாதபோது இதுதான் கைகொடுக்கும். சர்வீஸை நிறுத்திவிட்டு, டிரைவரை -டிடிடி சேர்த்து டெர்மினலிலேயே ஓட்டுங்கள். எந்தக் கேள்வியில் நிற்கிறது என்று கண்ணெதிரே தெரியும்.

கடவுச்சொல் போலப் பயன்படும் கம்யூனிட்டி பெயர் "பப்ளிக்" என்றே இருக்க விடாதீர்கள். படிக்க மட்டும் உரிமையுள்ள வேறு பெயர் கொடுங்கள். கார்டில் வி3 இருந்தால் அதற்கே போய்விடுவது நல்லது, வி2சியில் அந்தப் பெயர் மறைக்கப்படாமல் அப்படியே போகிறது.

அச்சுக்கூடம்:
அண்ணா, எழுந்துவிட்டது! வெர்ஷன் வரி ஒன்றே போதுமாயிருந்தது. யுபிஎஸ்.ஸ்டேட்டஸ்: ஓஎல் (மெயின் கரண்டில்). மெயின் சுவிட்சை அணைத்ததும் ஓபி (பேட்டரியில்) என்று மாறுகிறது. ஆனால் ப்ராக்ஸ்மாக்ஸிலிருந்து கேட்டால் இணைப்பு மறுக்கப்படுகிறது. நாஸும் யுபிஎஸ்ஸைக் காணவில்லை என்கிறது.

பழைய_ஆபரேட்டர்:
நட்டின் சர்வர் நிரலான யுபிஎஸ்டி இயல்பாகத் தன் கணினிக்குள் மட்டுமே காது கொடுக்கும். யுபிஎஸ்டி.கான்ஃப் கோப்பில் லிசன் வரியில் சர்வரின் லேன் முகவரியும் 3493 என்ற போர்ட்டும் எழுதுங்கள். உள்ளேயிருந்து கேட்பதற்கு 127.0.0.1-க்கும் ஒரு வரி வேண்டும். நட்.கான்ஃபில் மோட் நெட்சர்வராக இருக்கட்டும். ப்ராக்ஸ்மாக்ஸில் நட்-கிளையன்ட் மட்டும் போட்டு, மோடை நெட்கிளையன்ட் ஆக்கி, மானிட்டர் வரியில் செகண்டரி என்று குறிப்பிடுங்கள்.

நாஸ் விஷயம் வேறு. சைனாலஜி, யுபிஎஸ்ஸின் பெயர் "யுபிஎஸ்" என்றும், பயனர் "மான்யூசர்", கடவுச்சொல் "சீக்ரெட்" என்றும் எதிர்பார்க்கும். ஆகவே [அச்சகம்] என்ற தலைப்பை [யுபிஎஸ்] என்று ஆங்கிலச் சிற்றெழுத்தில் மாற்றி, அந்தப் பயனரை யுபிஎஸ்டி.யூசர்ஸ் கோப்பில் சேர்த்துவிடுங்கள்.

இனி நான் சொல்வதுதான் முக்கியம். கீழ்த்தளத்துக்கும் மாடிக்கும் நடுவில் உள்ள நெட்வொர்க் சுவிட்ச் எதில் ஓடுகிறது? சாதாரண பிளக்கில் என்றால் கரண்ட் போன நொடியில் அதுவும் போகும். சர்வர் ஓபி என்ற செய்தியைப் பார்ப்பதற்குள் தொடர்பு அறுந்தால், யுபிஎஸ் கிடைக்கவில்லை என்று மட்டும் எச்சரிக்கும், அணையாது. ஓபியைப் பார்த்த பிறகு அறுந்தாலோ, பேட்டரி தீர்ந்ததாகவே, அணைக்கும் வேலையைப் பார்க்கும் யுபிஎஸ்மான் எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் அணைத்துவிடும். பேட்டரியில் அரை மணி நேரம் மிச்சம் இருந்தாலும் அப்படித்தான். வழியில் இருக்கிற அத்தனை சுவிட்சுகளையும் யுபிஎஸ் லைனுக்கு மாற்றுங்கள்.

அச்சுக்கூடம்:
முதல் மாடியில் ஒரு சுவிட்ச் சுவர் பிளக்கில்தான் இருக்கிறது. இன்றே எலக்ட்ரீஷியனை வரச் சொல்கிறேன். இன்னொன்று: ப்ராக்ஸ்மாக்ஸில் உள்ள மெய்நிகர் கணினிகள் அணைய நேரம் பிடிக்கும். பேட்டரி தீரும் நிலை வரும்வரை காத்திருந்தால் போதுமா?

பழைய_ஆபரேட்டர்:
போதாது. யுபிஎஸ் "எல்பி" (பேட்டரி தீரப்போகிறது) என்று கத்தும்போது பழைய பேட்டரியில் இரண்டு நிமிடம்கூட இருக்காது. யுபிஎஸ்.கான்ஃபில் "இக்னோர்எல்பி" என்று ஒரு வரி, அடுத்து "ஓவர்ரைடு.பேட்டரி.ரன்டைம்.லோ = 600". அப்போது பத்து நிமிடத்துக்கான சார்ஜ் மிச்சமிருக்கும்போதே அணைக்கும் வேலை தொடங்கிவிடும். யுபிஎஸ்சி பட்டியலில் பேட்டரி.ரன்டைம் வருகிறதா என்று முதலில் பாருங்கள், வராவிட்டால் சார்ஜ் சதவீதத்தை வைத்து எழுத வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் "யுபிஎஸ்மான் -சி எஃப்எஸ்டி" (கட்டாய அணைப்புக் கட்டளை) கொடுத்துச் சோதியுங்கள். அது ஒத்திகை இல்லை, மூன்றும் உண்மையாகவே அணையும். அச்சு வேலை ஏதும் ஓடாத ஞாயிற்றுக்கிழமை பார்த்துச் செய்யுங்கள்.