உதவி தேவை: காவடி எடுத்தோரின் மனநலன் ஆய்வில் மாதிரி (ஆய்வுக்கு எடுத்த ஆட்கள்) தவறிவிட்டது, மீட்க வழி உண்டா?

காத்ர் போர்ன் மாணவி:
அனைவருக்கும் வணக்கம். நான் மொரீசியசில் உளவியல் முதுகலை இறுதியாண்டு படிக்கிறேன். தைப்பூசக் காவடி எடுப்பதால் ஒருவரின் மனநலன் உயர்கிறதா என்பதே என் ஆய்வேட்டின் கேள்வி. திருவிழா நாளன்று எங்கள் ஊர்க் கோவிலில் காவடி எடுத்த 62 பேரிடமும், அடுத்த வாரம் என்னுடன் படிப்போரில் காவடி எடுக்காத 58 பேரிடமும், உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐந்து வினா நலன் அளவுகோலைக் கொடுத்து நிரப்பி வாங்கினேன். காவடி எடுத்தோரின் சராசரி தெளிவாகவே கூடுதலாக இருந்தது. மகிழ்ச்சியோடு கொண்டுபோன அத்தியாயத்தை நெறியாளர் ஓரத்தில் ஒரே வரி எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார்: "இது காவடியின் விளைவு அன்று, இரு வேறு மக்களின் வேறுபாடு." வாட்சப் வழியே இன்னும் 200 பேரிடம் படிவம் வாங்கிச் சேர்த்தால் இந்தக் குறை தீருமா? ஒப்படைக்க மூன்று மாதமே இருக்கிறது.

போர்ட் லூயிஸ் கணக்காசிரியர்:
தீராது, அம்மா. எண்ணிக்கை கூடினால் தற்செயல் பிழை குறையும்; சார்பு, அதாவது ஆள் எடுத்த முறையால் முடிவு ஒரு பக்கமாகவே சாய்வது, குறையாது. 1936இல் அமெரிக்காவின் லிட்டரரி டைஜஸ்ட் இதழ் ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்குச் சீட்டு அனுப்பி, திரும்பி வந்த இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட சீட்டுகளை எண்ணி, அதிபர் தேர்தலில் லாண்டன் வெல்வார் என்று அறிவித்தது. வென்றவரோ ரூஸ்வெல்ட். முகவரிகளைத் தொலைபேசிப் பட்டியலிலிருந்தும் கார் உரிமையாளர் பட்டியலிலிருந்தும் எடுத்தது ஒரு கோளாறு என்றால், மெனக்கெட்டுப் பதில் அனுப்பியவர்கள் அனுப்பாதவர்களைப் போன்றவர்கள் அல்லர் என்பது அதனினும் பெரிய கோளாறு. உங்கள் வாட்சப் குழுவிலும் இதுவேதான் நடக்கும். அது கிடக்கட்டும், கோவிலில் படிவத்தை எந்த இடத்தில், எந்த நேரத்தில், யார் கையால் கொடுத்தீர்கள் என்று சொல்லுங்கள்.

காத்ர் போர்ன் மாணவி:
காவடி இறக்கிய பிறகு, பிற்பகலில், வாழையிலையில் ஏழு கறிச் சாப்பாடு பரிமாறிய கூடத்தில் கொடுத்தேன், ஐயா. பந்தி முடிந்து எழுந்தவர்களிடம் என் மாமா படிவத்தை நீட்டினார். அவர் கோவில் நிர்வாகக் குழுவில் இருப்பவர் என்பதால் யாரும் மறுக்கவில்லை. படிவம் பிரெஞ்சில் இருந்தது. முதியவர்களுக்கு நான் கிரியோலில் வாசித்துக் காட்டி, அவர்கள் சொன்னதைக் குறித்துக்கொண்டேன். இப்போது முகவரிகளைப் பார்த்தால் 62 பேரும் 19 வீட்டைச் சேர்ந்தவர்கள்.

போர்ட் லூயிஸ் கணக்காசிரியர்:
யாரும் மறுக்கவில்லை என்று நீங்கள் நிம்மதியாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் கவலை. நிர்வாகக் குழுக்காரர் எதிரில் நிற்க, "மனம் சோர்வாக இருந்தது" என்று எவர் குறிப்பார்? ஆணி குத்திய கால் வீங்கி, பந்திக்கு நிற்காமல் வீட்டுக்குப் போனவர் உங்கள் மாதிரியில் இல்லவே இல்லை. அடுத்தது, ஒரே வீட்டார் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள். வீட்டுக்குச் சராசரி 3.26 பேர்; ஒரே வீட்டார் பதில்கள் ஒத்திருக்கும் அளவை (0 என்றால் ஒப்பே இல்லை, 1 என்றால் முழு ஒப்பு) 0.3 என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், சராசரியில் ஒன்றைக் கழித்து, 1 + (2.26 × 0.3), அதாவது ஏறத்தாழ 1.68. அதனால் 62ஐ வகுத்தால், தனித்தனியாக எடுத்த 37 பேர் தரும் தகவல்தான் உங்களிடம் இருக்கிறது.

ரோஸ் ஹில் செவிலியர்:
தங்கையே, வகுப்புத் தோழர்களை விட்டுவிட்டு, வழக்கமாகக் காவடி எடுத்து இவ்வாண்டு மட்டும் எடுக்காதவர்களோடு ஒப்பிட்டால் என்ன? வீட்டில் சாவு நேர்ந்த ஆண்டில் பலரும் எடுப்பதில்லை. அவர்கள் அதே கோவில், அதே குடும்பங்கள், அதே பக்தி உடையவர்கள்.

போர்ட் லூயிஸ் கணக்காசிரியர்:
நல்ல யோசனைதான், அம்மா. ஆனால் சாவு நேர்ந்த வீட்டாரின் நலன் மதிப்பெண் குறைந்திருப்பதற்குக் காவடி எடுக்காதது காரணமாகாது. விடுதியில் வேலை செய்து, விரத நாள்களில் பணிமுறை மாற்றிக் கிடைக்காததால் எடுக்க முடியாமற்போனவர்கள் அகப்பட்டால் அந்த ஒப்பீடு நிற்கும். மூன்று மாதத்தில் அத்தகையோரைத் தேடிப் பிடிப்பது கடினம். 2013இல் வெளிவந்த சிகலாட்டாஸ் குழுவினரின் மொரீசியசு ஆய்வைப் பாருங்கள். காவடி எடுத்தோரையும் உடன் நடந்தோரையும் அவர்கள் கூட்டு வழிபாட்டில் இருந்தோரோடு ஒப்பிட்டார்கள். எல்லோரும் அதே பக்தர் கூட்டத்தினர். மாணவர்களை ஒப்பீட்டுக்கு இழுக்கவில்லை.

ரெதுயி ஆய்வாளர்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும், எல்லோரும் மாதிரியைப் பார்க்கிறீர்கள், அளவுகோலை யாரும் படிக்கவில்லை. அந்த ஐந்து வினாவும் கேட்பது "கடந்த இரண்டு வாரங்களில்" எப்படி இருந்தீர்கள் என்பதைத்தான். காவடி நாள் பிற்பகலில் அதற்குப் பதில் சொல்பவர் மனத்தில் இருக்கும் 14 நாள்களில் ஏறத்தாழ 10 நாள் கொடியேற்றத்துக்குப் பிந்திய விரதம்; காவடிக்கு வருவது அரை நாள். ஆகவே நீங்கள் அளந்தது காவடியின் பயனை அன்று, விரத காலத்து நலனை. உங்கள் வகுப்பினர் நிரப்பியபோது அவர்களுடைய இரண்டு வாரம் எப்படி இருந்தது?

காத்ர் போர்ன் மாணவி:
அது வகுப்புத் தேர்வு வாரம், ஐயா. இதை எழுதும்போதே கை கூசுகிறது.

ரெதுயி ஆய்வாளர்:
கூச வேண்டாம், இதையே குறைபாடுகள் பகுதியில் முதல் பத்தியாக எழுதுங்கள். அந்த 58 படிவத்தையும் ஒப்பீட்டிலிருந்து எடுத்துவிட்டு, கேள்வியை "விரத காலத்திலும் சாதாரண காலத்திலும் ஒரே ஆளின் நலன்" என்று மாற்றுங்கள். இப்போது திருவிழா எதுவும் இல்லாத வாரங்கள்தாமே? அதே 62 பேரிடம் அதே படிவத்தை மீண்டும் கொடுங்கள். ஒருவரை அவரோடேயே ஒப்பிடும்போது வயது, படிப்பு, பக்தி ஆகியவற்றின் வேறுபாடு பெரும்பாலும் கழன்றுவிடும். மாமாவை மட்டும் இம்முறை அனுப்பாதீர்கள். மூடிய உறையில் போடச் சொல்லுங்கள். அன்று கூடத்திலும் இன்று தனிமையிலும் நிரப்பியதால் வரும் வேறுபாடு எஞ்சும் என்பதையும் ஒளிக்காமல் எழுதிவிடுங்கள். இரண்டாம் முறை தொடர்புகொள்ள ஒப்புதல் வாங்கியிருக்கிறீர்களா? 2017ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நெறிமுறைக் குழு கட்டாயம் கேட்கும்.

காத்ர் போர்ன் மாணவி:
ஒப்புதல் படிவத்தில் அதற்கென ஒரு கட்டம் இருந்தது. 41 பேர் அதில் குறியிட்டிருக்கிறார்கள். அவர்களும் தாமாக முன்வந்தவர்கள் என்பதால், முதல் முறை பெற்ற மதிப்பெண், வயது, பாலினம் மூன்றிலும் அவர்களையும் மீதி 21 பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓர் அட்டவணை தயாரித்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை புதிய தலைப்போடு நெறியாளரைப் பார்க்கப் போகிறேன்.