மதுரையில் கடைகள் திறப்பதும் மூடுவதும்: எதை வைத்து முடிவெடுப்பது?

வில்லாபுரத்தான்:
அண்ணன்மாரே, தெற்கு மாசி வீதி ஜவுளிக்கடை ஒன்றில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். சொந்தமாக ரெடிமேட் கடை போட ஐயர் பங்களா பக்கம் ஓர் இடம் பார்த்திருக்கிறேன். அந்த ஷட்டரில் 2019-இல் செல்போன் சர்வீஸ் இருந்தது, ஊரடங்குக்கு அப்புறம் பிரியாணி, அடுத்து டீக்கடை, இப்போது மறுபடி 'வாடகைக்கு'. டீக்கடை ஸ்டிக்கர் உரிந்த இடத்தில் பிரியாணி அண்டா படம் எட்டிப் பார்க்கிறது. ஆனால் அதே ரோட்டில் புதுக் கடைகளுக்கு வாழைமரம் கட்டிக்கொண்டேதான் இருக்கிறார்கள். ஏரியா வளர்கிறதா, தேய்கிறதா?

கீழமாசி கணக்கர்:
தம்பி, வாழைமரத்தை எண்ணாதே. 2016 நவம்பரில் நோட்டு செல்லாமல் போனது, 2017 ஜூலையில் ஜிஎஸ்டி, 2020 மார்ச்சில் ஊரடங்கு, மூன்றையும் கணக்கு எழுதும் இடத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான். துண்டுச்சீட்டிலேயே கொள்முதல் செய்து பழகிய பெரியவர்கள் ஜிஎஸ்டி வந்ததும் போதும் என்று ஒதுங்கினார்கள். ஊரடங்கில் சொந்தக் கட்டடக்காரர் தாக்குப்பிடித்தார், வாடகைக்கு இருந்தவருக்கு அட்வான்ஸ் கழிந்தது, பலர் அப்படியே சாவியைக் கொடுத்தார்கள். மாசி வீதிகளில் பழைய கடை மூடினால் நஷ்டம் என்று உடனே நினைக்க வேண்டாம், பையன் பெங்களூரில் வேலையில் இருப்பான், கடையை நடத்துவதைவிட வாடகைக்கு விட்டால் கூடக் கிடைக்கும். ஐயர் பங்களா மாதிரி வெளி ஏரியாவில் கதையே வேறு. பதினோரு மாத அக்ரிமெண்ட் முடியும்போது வாடகையைக் கூட்டுவார்கள், புதுக்கடை அங்கேதான் விழும்.

தையற்காரர் மகள்:
என் அப்பா மீனாட்சி கோயிலுக்கு எதிரே இருக்கிற புதுமண்டபத்தில் தைத்தவர். அங்கிருந்த கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றினார்கள். மண்டபத்தைச் சீர்செய்ய வேண்டியதுதான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வேடத் துணி வாங்க ஊர்களிலிருந்து வருகிறவர்கள் தூணை அடையாளம் வைத்து வந்தவர்கள். முதல் வருடம் அப்பா மண்டப வாசலில் நின்று ஒவ்வொருவராகக் கூட்டிவந்தார். கடை மூடவில்லை, ஆனால் பாதி வாடிக்கை வழியிலேயே போனது. தம்பி, அந்த ஷட்டருக்கு யார் எதற்கு வந்து பழகியிருக்கிறார்கள் என்று பாருங்கள். காலி செய்தவரையே தேடிப்போய்க் கேளுங்கள்.

கீழமாசி கணக்கர்:
அக்கா சொன்னது சரி. இன்னொன்று, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். வாடகை எப்போது, எவ்வளவு கூடும் என்பதை அதிலேயே எழுதி வாங்கிக்கொள்.

வில்லாபுரத்தான்:
டீக்கடைக்காரரைப் பார்த்துவிட்டேன் அக்கா. வியாபாரம் நன்றாகத்தான் இருந்ததாம், மழை பெய்தால் வாசலில் முழங்கால் தண்ணீர், இரண்டு நாள் வடியாதாம். மேற்குப் பார்த்த கடை என்பதால் மூன்று மணியிலிருந்து வெயில் உள்ளே பின்சுவர் வரை அடிக்குமாம். தொங்கவிட்ட சட்டையெல்லாம் ஒரே மாதத்தில் வெளுத்துவிடும். வேறு இடம் தேடுகிறேன்.