அவெஞ்சர் 220 மோட்டார் சைக்கிள்: தாழ்த்தின பிறகு பின் சொக் (அதிர்வு தாங்கி) இடிக்குது, எதை மாத்தலாம்?

கேள்வி (கொக்குவில்)
அண்ணைமார், பின்பக்கம் ஒரிஜினலை விட 30 மி.மீ. கட்டையான சொக் போட்டுத் தாழ்த்தியிருக்கு. ரயர் கொம்பனி அளவுதான், 130/90-15. தனிய ஓடேக்கை பிரச்சினையில்லை. பின்னாலை ஆள் ஏறி, பலாலி வீதியிலை வேகத்தடை வந்தால் 'டக்' எண்டு இடிக்குது. மட்காட்டுக்குள்ளை ரயர் உரசின கோடும் தெரியுது. சொக்கிலை ஸ்பிறிங்கை இறுக்கிற வளையத்தைக் கடைசிப் படிக்குத் திருப்பியும் பலனில்லை. கடினமான சொக் வாங்கினால் சரிவருமா?

பதில் (சுன்னாகம்)
தம்பி, உரசல் நிக்கும்வரை பின்னாலை ஆளை ஏத்தாதேங்கோ. ஓடேக்கை ரயர் மட்காட் போல்ட்டிலை பிடிச்சால் கிழிஞ்சுபோம்.

படியை இறுக்கினால் ஸ்பிறிங் கடினமாகாது, மோட்டார் சைக்கிளைக் கொஞ்சம் தூக்கி மட்டுந்தான் வைக்கும். அதாலை வாங்க முதல் அளவெடுங்கோ. சட்டத்துக்குக் கீழை ஜக் வைச்சு, இரண்டு சொக்கையும் கழட்டி, பின் சில்லை மெதுவா மேலை தூக்குங்கோ. ரயர் மட்காட்டைத் தொடேக்கை சொக் பூட்டிற மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் இடையிலை எவ்வளவு? சொக் முழுசா அமந்தால் கண்ணுக்குக் கண் (இரண்டு நுனியிலும் போல்ட் போற ஓட்டைகளுக்கு இடையிலை) எவ்வளவு? மொத்த நீளத்திலை வெளியிலை தெரியிற தண்டைக் கழிச்சால் அது வரும். தண்டிலை இருக்கிற இடிதாங்கி இறப்பரின்ரை நசியாத தடிப்பைத் திருப்பிக் கூட்டாதேங்கோ, பாரத்திலை அது நசியும். இரண்டாவது அளவு முதலாவதை விட 12 மி.மீ. ஆவது கூட இருக்கோணும்.

கேள்வி (கொக்குவில்)
அளந்தன் அண்ணை. ரயர் தொட்ட பிறகும் சொக் இன்னும் 6 மி.மீ. அமரும்.

பதில் (சுன்னாகம்)
அப்ப குறை ஸ்பிறிங்கிலை மட்டுமில்லை. 6 ஐயும் 12 ஐயும் கூட்டினால் 18. அதே ஓட்டம் (அமருற தூரம்) உள்ள, இப்ப இருக்கிறதை விட 20 மி.மீ. நீளமான சொக் எடுங்கோ. ஒரிஜினலை விட 10 மி.மீ. மட்டுந்தான் கட்டையா நிக்கும். கால் எட்டவேணுமெண்டு தாழ்த்தினதெண்டால் மிச்சத்தைச் சீற்றுப் பஞ்சிலை குறையுங்கோ, அதுதான் பாதுகாப்பான வழி.

பதில் (பருத்தித்துறை)
ஸ்பிறிங்கையும் பாருங்கோ. கம்பித் தடிப்பின்ரை நாலாம் அடுக்குப்படி கடினம் ஏறும்: சுத்தின்ரை விட்டமும் எண்ணிக்கையும் ஒண்டாயிருக்க, 7.5 மி.மீ. கம்பி 8 ஆனால் ஏறக்குறைய 29 சதவீதம் கூடும். அதுக்கேத்த எண்ணெய்த் தடை இல்லாத சொக் எண்டால் பள்ளம் தாண்டினதும் பின்பக்கம் தூக்கி எறியும். ஸ்பிறிங்கை வெட்டிக் கட்டையாக்கிறதை மட்டும் செய்யாதேங்கோ. வெட்டின நுனி தட்டையா இருக்காது, சில்லு தொங்கேக்கை ஸ்பிறிங் இருப்பிடத்தை விட்டு நழுவும்.

பூட்டேக்கை ஒரு பக்கத்தை முடிச்சிட்டு மற்றப் பக்கம் போங்கோ, சுவிங் ஆம் (பின் சில்லைத் தாங்கிற கை) கீழை விழாது. போல்ட் கையாலை போகோணும்; சுத்தியலாலை அடிக்க வேண்டி வந்தால் புஷ் (சொக்கின்ரை கண்ணுக்குள்ளை இருக்கிற குழாய்) அகலம் பிழை. இரண்டு பக்கமும் ஒரே படி. பண்ணைப் பாலத்தாலை தீவுப் பக்கம் ஓடுறதெண்டால் உப்புக்காத்து, போல்ட்டுக்கு மெல்லிசாக் கிறீஸ் பூசுங்கோ.

பிறகு சில்லு தூக்கின நிலையிலை அச்சிலிருந்து மட்காட் விளிம்புக்கு அளந்து, நீங்கள் ஏறியிருக்கேக்கை திருப்பி அளவுங்கோ. வித்தியாசம் சில்லின்ரை மொத்த ஓட்டத்திலை மூண்டிலொரு பங்கு மட்டிலை நிக்கோணும். படியைக் கடைசிவரை இறுக்கியும் அதைத் தாண்டினால் ஸ்பிறிங் மெல்லிசு.

செயினை, பின் சில்லின்ரை அச்சும் சுவிங் ஆம் போல்ட்டும் முன் பல்சக்கரமும் ஒரு கோட்டிலை வரேக்கை பாருங்கோ. அப்பதான் அது அதிகம் இறுகும். உயரம் மாறினதாலை லைற் வெளிச்சத்தையும் திருப்பிச் சரிசெய்யோணும்.